இன்னும் பேச்சு வரலையே!

அத்தியாயம் 7

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது கேட்பார்கள்: “பையன் என்ன பேசுறான்?” நீங்கள் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் இருப்பவரே சொல்லிவிடுவார்: “அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினாராம். தானா வந்துடும்.” வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வராது. நாத்தனார் குழந்தை உங்கள் குழந்தையைவிட இரண்டு மாதம் சின்னது. அது “பால் வேணாம் போ” என்று சொன்னதே காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இந்த அத்தியாயம் அந்த இரவுக்கானது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையின் பேச்சைப் பற்றிக் கவலை வந்தால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

இரண்டு வயதில் பத்துக்கு ஒரு குழந்தையாவது தாமதமாகப் பேசும் குழந்தையாகத்தான் இருக்கிறது. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகும் முன் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். “தானா வந்துடும்” என்ற பேச்சு பிழைத்திருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பின்தங்கும் என்பதை இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பரிசோதித்துவிட்டுப் பிறகு பொறுமையாக இருக்கலாம்.

முதல் வேலை: ஒரு வாரக் குறிப்பேடு

“ஒண்ணுமே பேசலை டாக்டர்” என்று சொல்லும் பெற்றோரிடம் ஒரு வாரம் எழுதிவரச் சொன்னால், பதினைந்து சொற்களோடு வந்து நிற்பதுண்டு. “எல்லாம் பேசுறான்” என்று சொன்னவர்கள் மூன்று சொற்களோடு வருவதும் உண்டு. நினைவை நம்பாதீர்கள், எழுதுங்கள்.

1. ஒரு நாற்பது பக்க நோட்டைச் சமையலறையில் தொங்கவிடுங்கள். குழந்தையோடு இருக்கும் எல்லோரும், பாட்டியும் பார்த்துக்கொள்ளும் அக்காவும் உட்பட, கேட்டதை அதில் எழுத வேண்டும்.

2. குழந்தை சொன்னபடியே எழுதுங்கள். தண்ணீருக்கு “ண்ணீ”, பாலுக்கு “பாவு” என்றாலும், ஒவ்வொரு முறையும் அதே பொருளுக்கு அதே ஒலி வந்தால் அது ஒரு சொல். ஆட்டைப் பார்த்து “மே”, காக்காவைப் பார்த்து “கா கா” என்பதும் சொல்தான். சோற்றுக்கு “மம்மு”, தூங்க “தாச்சி” இவையும் கணக்கில் சேரும்.

3. சும்மா “அம்மம்மம்மா” என்று உருட்டுவதைச் சேர்க்காதீர்கள். உங்களைப் பார்த்து, உங்களைத் தேடி “அம்மா” என்றால் மட்டும் சேருங்கள்.

4. மனப்பாடமாக ஒப்பிப்பதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். “ஒன் டூ த்ரீ” பத்து வரை சொல்லும், வீடியோவில் வரும் பாட்டை முழுவதும் பாடும், ஆனால் தாகம் எடுத்தால் கேட்கத் தெரியாது என்ற நிலையில் இருக்கும் குழந்தைகள் இன்று நிறைய. ஒப்பிப்பது வேறு, தன் தேவையைச் சொல்வது வேறு. மருத்துவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

5. சொல்லில்லாமல் எப்படித் தெரிவிக்கிறது என்பதையும் எழுதுங்கள். விரல் நீட்டிக் காட்டுகிறதா, தலையாட்டுகிறதா, டாட்டா காட்டுகிறதா, அல்லது உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பொருளின் மேல் வைக்கிறதா?

6. புரிதலைச் சோதியுங்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. “செருப்பை எடுத்துட்டு வா” என்று சொல்லும்போது கையை நீட்டாதீர்கள், செருப்பின் பக்கம் பார்க்கவும் கூடாது. பெரும்பாலும் நாம் கண்ணாலேயே காட்டிக்கொடுத்துவிட்டு, “சொன்னதெல்லாம் புரியுது” என்று நம்பிவிடுகிறோம்.

குறிப்பு: குழந்தை இயல்பாக விளையாடும் இரண்டு நிமிட வீடியோ ஒன்றைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பயந்து வாயைத் திறக்காத குழந்தைக்கு அதுவே சாட்சி.

எந்த வயதில் எது

இவை அளவுகோல்தான், பரீட்சை மதிப்பெண் அல்ல. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதை எண்ணுங்கள்.

9 மாதம்: “பாபாபா”, “தாதாதா” என்று ஒலிகளை உருட்டும்.

12 மாதம்: பெயர் சொன்னால் திரும்பும். டாட்டா காட்டும். விரல் நீட்டத் தொடங்கும். முதல் சொல் இதையொட்டி அல்லது அடுத்த சில மாதங்களில் வரும்.

18 மாதம்: பொருளோடு சில சொற்கள். மூக்கு, கண் எங்கே என்றால் தொடும். சின்ன வேலை சொன்னால் செய்யும்.

24 மாதம்: ஐம்பது சொற்கள் அளவில். இரண்டு சொற்களைத் தானே சேர்க்கும்: “அப்பா வா”, “பால் தா”. “போயிட்டு வரேன்” போன்ற பழகிய தொடரை இரண்டு சொல்லாக எண்ண வேண்டாம், அது குழந்தைக்கு ஒரே சொல்.

36 மாதம்: சின்ன வாக்கியங்கள். வெளியாட்களுக்கும் பெரும்பகுதி புரியும். ர, ழ, ற சரியாக வராவிட்டால் இந்த வயதில் கவலை வேண்டாம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்

• 12 மாதமாகியும் ஒலி உருட்டல் இல்லை, விரல் நீட்டலோ டாட்டாவோ இல்லை.
• 16 மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை.
• 24 மாதமாகியும் இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை.
• பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை.
• எந்த வயதானாலும், முன்பு வந்த சொற்களோ டாட்டாவோ நின்றுபோய்விட்டது.

கடைசியாகச் சொன்னது எல்லாவற்றையும்விட அவசரமானது. அந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

ஆண் குழந்தைகள் சராசரியில் சற்றுப் பின்னால் பேசுவது உண்மை. அந்த வித்தியாசம் மிகச் சிறியது. மேலே உள்ள பட்டியலை “ஆம்பளப் பிள்ளை” என்று சொல்லித் தள்ளிவிட அது போதாது.

இரண்டாவது வேலை: காது

பேச்சு வராத குழந்தையின் நாக்கைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது காதை.

இதை நான் படித்து மட்டும் எழுதவில்லை. என் மகனுக்கு இருபது மாதத்தில் ஆறே சொற்கள். குக்கர் விசிலுக்குத் துள்ளுவான், பால்காரர் மணிச் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடுவான். அதனால் காதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. காட்டிய மருத்துவரும் மூன்று வயது வரை பொறுக்கச் சொன்னார். ஆறு மாதம் போனது. பிறகு இன்னொரு இடத்தில் பார்த்தபோது இரண்டு நடுக்காதிலும் நீர் கோத்திருந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு இது சாதாரணம். வலி இருக்காது, சீழ் வடியாது, வெளியே ஒன்றும் தெரியாது. காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்பதுபோல உலகம் மங்கலாகக் கேட்கும். விசில் கேட்கும், “ச”வும் “த”வும் தெளியாது. தெளிவாகக் கேட்காத சொல்லைக் குழந்தை எப்படித் திருப்பிச் சொல்லும்?

தட்டைத் தட்டுவது, பின்னால் நின்று கை தட்டுவது இவையெல்லாம் சோதனையே அல்ல. பகுதிக் கேட்புக் குறை இருக்கும் குழந்தையும் திரும்பும். தரையின் அதிர்வுக்கும் சுவரில் விழும் நிழலுக்கும்கூடத் திரும்பும்.

முறையான பரிசோதனைக்கு:

1. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் அவர் எடுத்துவிடுவார், சளி இருந்தால் பார்த்துச் சொல்வார். நீங்களே பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள், அழுக்கு இன்னும் உள்ளே போகும்.

2. அடுத்து ஆடியாலஜிஸ்ட். ஓ.ஏ.இ. என்ற சோதனையில் காதில் சின்ன அடைப்பானை வைப்பார்கள். குழந்தை அசையாமல் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்க டிம்பனோமெட்ரி என்ற சோதனை தனியாக உண்டு.

3. தேவைப்பட்டால் பெரா சோதனை. தலையில் சின்ன வில்லைகளை ஒட்டிப் பார்ப்பார்கள். குழந்தை தூங்க வேண்டும், ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

4. பெராவுக்குத் தயாராவது தனி வேலை. முதல் நாளே தலைக்குக் குளிப்பாட்டுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள், எண்ணெய் இருந்தால் வில்லை ஒட்டாது. பரிசோதனை அன்று இரண்டு மணி நேரம் முன்னதாக எழுப்பிவிடுங்கள். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். தூக்க மருந்து கொடுக்கப்போவதில்லை என்றால், அங்கே போனதும் வயிறு நிறையப் பால் கொடுத்து, வழக்கமாகப் போர்த்தும் துணியையே போர்த்துங்கள்.

5. இரண்டு காதுக்கும் தனித்தனியாக முடிவு எழுதிய காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு: தூக்க மருந்து வேண்டுமென்றால் அதை மருத்துவமனையில், மருத்துவர் பார்வையில் மட்டும் கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் வாங்கி வீட்டிலேயே கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குழந்தையின் மூச்சு சம்பந்தப்பட்டது இது.

பிறந்தபோது செய்த காதுச் சோதனையில் “நார்மல்” என்று வந்திருந்தாலும் இப்போது மறுபடி செய்ய வேண்டும். சில கேட்புக் குறைகள் பிறகுதான் வரும். நடுக்காது நீர் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானாக வற்றிவிடும், வற்றாவிட்டால் வழி இருக்கிறது. நிரந்தரக் குறை என்று தெரிந்தால் காதொலிக் கருவி, அது போதாதபோது காக்ளியர் இம்ப்ளாண்ட். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவைச் சிகிச்சைக்கு இடம் உண்டு. எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்ல பேச்சு வரும்.

வீட்டில் பெரியவர்கள் தடுத்தால் வாதாட வேண்டாம். “அத்தை, வேற ஒண்ணும் இல்லை, காதை மட்டும் பார்த்துட்டு வந்துடுறோம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாவது வேலை: வீட்டில் பேச்சு

பரிசோதனைக்கு நாள் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இதற்குத் தனியாக நேரமும் பொம்மையும் தேவையில்லை. குளிப்பாட்டும்போதும் சாப்பாடு ஊட்டும்போதும் செய்யலாம். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி, தினமும்.

1. தரையில் உட்காருங்கள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பேசினால் குழந்தைக்கு உங்கள் வாய் தெரியாது. முகத்துக்கு முகம் இருக்க வேண்டும்.

2. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதற்குப் பெயர் சொல்லுங்கள். அது எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பந்தைக் காட்டாதீர்கள். “எறும்பு! எறும்பு போகுது.” அவ்வளவுதான்.

3. கேள்வியைக் குறையுங்கள். “இது என்ன? அது என்ன? சொல்லு, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு” என்பது குழந்தைக்குத் தேர்வு அறை. ஒரு கேள்வி கேட்டால் மூன்று முறை நீங்களே சொல்லுங்கள்.

4. முதலில் வேலை செய்யும் சொற்களைக் கொடுங்கள். தமிழ் இதில் நமக்குக் கை கொடுக்கிறது. தா, வா, போ என்று ஒரே எழுத்தில் ஒரு காரியம் முடிந்துவிடும். எடு, ஊது, திற, வேணாம், இன்னும் இவையும் அப்படியே. “தா” என்று ஒரு முறை சொல்லிப் பந்து கைக்கு வந்துவிட்டால், பேச்சு எதற்கு என்பது குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. நிறங்களின் பெயர், எண்கள், ஏபிசிடி எல்லாம் பிறகு. ஐந்து சொற்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரத்துக்கு வீட்டில் எல்லோரும் அவற்றையே நாள் முழுக்கப் புழங்குங்கள். குளியலறையில் ஒவ்வொரு குவளைக்கும் “ஊத்து”, கதவுக்குக் கதவு “திற”.

5. சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். குழந்தையின் முகத்தை எதிர்பார்ப்போடு பாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி, கூட்டுக் குடும்பத்தில் இன்னும் கடினம். குழந்தை வாயைத் திறப்பதற்குள் பாட்டி சொல்லிவிடுவார், அக்கா எடுத்துக் கொடுத்துவிடுவாள். அந்தப் பத்து நொடிகளைப் பாதுகாப்பது உங்கள் பொறுப்பு.

6. ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். குழந்தை “காக்கா” என்றால் “காக்கா பறந்துடுச்சு”. “பால்” என்றால் “பால் வேணும்”. நீளமாக வேண்டாம், ஒன்றே ஒன்று.

7. இரண்டில் ஒன்றைக் காட்டிக் கேளுங்கள். வலக்கையில் வாழைப்பழம், இடக்கையில் பிஸ்கட். “பழமா? பிஸ்கட்டா?” குழந்தை சொல்லாமல் கை மட்டும் நீட்டினால் “பழம்!” என்று நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று பசியோடு பேரம் பேசக் கூடாது. அழுகையும் பிடிவாதமும்தான் வளரும்.

8. பழைய விளையாட்டுகளில் நடுவில் நில்லுங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களை நண்டுபோலக் கை வழியே ஊரவிட்டு, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு உங்களுக்கும் யாரோ விளையாடிக் காட்டியதுதான். முழங்கைக்கு வந்ததும் விரலை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். குழந்தை உங்களைப் பார்க்கும், உடம்பை நெளிக்கும், ஏதாவது ஒலி எழுப்பும். அதுவே “இன்னும்” என்று கேட்பது. “இன்னும்!” என்று நீங்கள் சொல்லி விளையாட்டைத் தொடருங்கள். எனக்குத் தெரிந்து எந்தப் பொம்மையும் இந்த இடத்துக்கு ஈடில்லை.

9. திருத்தாதீர்கள். “யயில்” என்றால் “தப்பு, ரயில்னு சொல்லு” என்று மடக்க வேண்டாம். “ஆமா, ரயில்! ரயில் வருது” என்று சரியான ஒலியைக் காதில் போட்டுவிட்டு நகருங்கள்.

கைப்பேசி, டிவி

இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. தூரத்து உறவினரோடு வீடியோ அழைப்பில் பேசுவது மட்டும் விலக்கு. இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் பக்கத்தில் இருக்க, ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. திரை பேசும், ஆனால் குழந்தைக்காகக் காத்திருக்காது. சோறு ஊட்டும்போது காட்டுவதை முதலில் நிறுத்துங்கள். மூன்று நான்கு நாள் அழுகை இருக்கும், பழகிவிடும். யாரும் பார்க்காமல் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டிவியும் உங்கள் குரலை மூடிவிடும்.

செய்யக் கூடாதவை

வசம்பு: “பேர் சொல்லாதது” என்று பெயரையே மறைத்து வீட்டில் வைத்திருக்கும் இதைச் சுட்டு உரசி, பேச்சு வரும் என்று நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இதனால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதில் உள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை உள்ளது, விடாத வாந்தியை உண்டாக்கக்கூடியது. வாய்க்குள் கொடுக்காதீர்கள். கையில் கட்டும் வசம்பு மணி அறுந்தால் தொண்டையில் அடைக்கும்.

தேன்: ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூட நாக்கில் தடவக் கூடாது. குழந்தைகளைத் தாக்கும் பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய்க்கு அது வழி.

காதில் காய்ச்சிய எண்ணெய்: கூடவே கூடாது. சூட்டினால் காது புண்படும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தொற்று உள்ளே போகும்.

நாக்கை வெட்டிவிடுவது: நாக்கின் அடியில் தசை ஒட்டியிருந்தால் சில ஒலிகள் தெளியாமல் போகலாம், கைக்குழந்தைக்குப் பால் குடிப்பது சிரமமாகலாம். சொற்களே வராததற்கு அது காரணம் இல்லை. காதையும் புரிதலையும் பார்க்காமல் நாக்குக்கு அறுவை செய்துகொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வீட்டு மொழியை மாற்றுவது: பள்ளிக்கு வேண்டும் என்று தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் பேசும் வீடுகளைப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. அம்மா தெலுங்கு, அப்பா தமிழ் என்றால் அப்படியே இருக்கட்டும். சௌராஷ்டிரம் பேசும் வீடும் அப்படித்தான். கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் உங்களுக்கு எந்த மொழி தடையில்லாமல் வருகிறதோ, அதில் பேசுங்கள். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

யாரிடம் போவது

அங்கன்வாடியில் சேர்த்திருந்தால் பணியாளரிடம் சொல்லிவையுங்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும். 2013-இல் தொடங்கிய இந்தத் திட்டம் பார்க்கும் குறைகளில் கேட்புக் குறையும் பேச்சுத் தாமதமும் உண்டு. குழு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இதே திட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், காது பரிசோதனை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில், கட்டணமில்லாமல் வழி செய்வதற்காக அமைத்தவை அவை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும், கர்நாடக எல்லையோரம் இருப்பவர்களுக்கு மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனமும் உண்டு.

பெயருக்குத் திரும்பாதது, விரல் நீட்டாதது, கையை இழுத்துக் காரியம் சாதிப்பது இவை சேர்ந்திருந்தால் மருத்துவர் ஆட்டிசத்துக்கான கேள்வித்தாளைத் தருவார். எம்-சாட் என்பது அதன் பெயர். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது, இருபது கேள்விகள். அது முதல்கட்ட வடிகட்டல் மட்டுமே, முடிவான தீர்ப்பு அல்ல. ஆட்டிசம் என்று பிறகு உறுதியானாலும் அது உங்கள் வளர்ப்பால் வந்ததில்லை. அம்மா வேலைக்குப் போனதாலும் வந்ததில்லை. இதை வீட்டில் சத்தமாகச் சொல்லுங்கள்.

தனியார் பேச்சுப் பயிற்சியாளரிடம் போகும்போது மூன்றைக் கேளுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா, பதிவு எண் என்ன? காதுப் பரிசோதனை முடிவைப் பார்த்தாரா? பயிற்சியின்போது உங்களை உள்ளே உட்காரவைத்து, வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லித் தருகிறாரா? வாரத்தில் இரண்டு முறை முக்கால் மணி நேரம் கதவை மூடிக்கொண்டு குழந்தையோடு மட்டும் இருந்துவிட்டு அனுப்பினால், மீதி நேரமெல்லாம் உங்களோடு இருக்கும் குழந்தைக்கு அது எந்த மூலைக்குப் போதும்? இத்தனை மாதத்தில் பேச வைத்துவிடுவேன் என்று உறுதி கொடுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

நாளைக் காலையில் நோட்டைச் சமையலறையில் மாட்டிவிட்டு, காது பார்க்கும் இடத்துக்குப் போன் செய்து நாள் குறித்துவிடுங்கள். அந்த நாள் வருவதற்குள் “தா”, “வா”, “இன்னும்” மூன்றையும் தொடங்கிவிடலாம்.